வீட்டுக்குள் லாடச் சத்தம்

ஜூன் 3, திங்கள்

தீவனக் கம்பெனிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இழுப்பறையில் சும்மா கிடந்தது. கை சரியாக எழுதுகிறதா என்று பார்ப்பதற்காகத் திறந்தேன். எழுதுகிறது. எழுத்து கொஞ்சம் சரிகிறது, அவ்வளவுதான். பேனா வழுக்குகிற பேனா.

இன்று சந்தையில் நடந்ததை எழுதி வைக்கிறேன். வேறு யாரிடமும் சொல்வதாக இல்லை.

எங்கள் மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவனும் விற்கிறவனும் வலது கையைக் கோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை ஆயிரம். பத்தாயிரக் கணக்கு மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரிந்துவிடும். அதற்கு மேலே எத்தனை என்பதுதான் துண்டுக்குள் நடக்கிற பேச்சு. சுற்றிலும் ஊரே நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். துண்டை உருவிக் கையைக் குலுக்கிவிட்டால் முடிந்தது, பிறகு மாற்றம் கிடையாது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த நான் மாட்டு வியாபாரியாகி, டைல்ஸ் போட்ட வீடு கட்டியது இந்த வலது கையால்.

இன்று நஞ்சப்பன் சாம்பல் நிறத்தில் ஒரு மயிலைக் காளையைக் கொண்டுவந்திருந்தான். நல்ல உடம்பு. ஆனால் முதுகில் பாடைச் சுழி. மயிர் சுழன்று இரண்டு பக்கமும் கோடாக இறங்கி, பாடைக் கம்பு மாதிரி கிடக்கும். வாங்கியவன் வீட்டில் பாடை கட்டும் என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. சுழி பார்க்கிறவன் கழித்த மாட்டை அடிவிலைக்கு வாங்கி, சுழி பார்க்காத ஊரில் விற்றுத்தான் முன்னுக்கு வந்தேன்.

துண்டுக்குள் ஒரே ஒரு விரலைப் பிடித்தேன். நஞ்சப்பன் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தான். சட்டென்று துண்டை உருவிக் கையைக் குலுக்கிவிட்டான்.

பிறகு காதோரம் வந்து, "என்னுங்ணா, சுழி மாட்டுக்கு நாலு விரல் குடுக்கறீங்? மவராசனா இருங்" என்றான்.

நான் பிடித்தது ஒன்று. அவன் கைக்குப் போனது நாலு.

சிரித்துக்கொண்டே காளையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்த வெள்ளியங்கிரிக்குக் கை தடுமாறுகிறது என்று ஒருத்தனுக்குத் தெரிந்தால் போதும். ஆடிப் பெரிய சந்தையில் ஆளாளுக்கு என் விரலை வைத்து விளையாடிவிடுவார்கள். அதோடு தொழில் முடிந்தது.

வெயில். வேர்வையில் வழுக்கியிருக்கும்.

ஜூன் 5, புதன்

வீட்டுக்கு வந்து வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரி ராசாமணி என் காலைப் பார்த்தாள்.

"ஏனுங் மாமா, இன்னொரு செருப்பு எங்கீங்க?"

"வாசல்ல கெடக்கும், பாரு."

"வாசல்ல நீங்கதான நிக்கறீங்க. ஒத்தச் செருப்போட."

டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கழன்றுவிட்டிருக்கிறது. அங்கிருந்து மத்தியான வெயிலில் தார் ரோட்டில் ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறேன். சுடவில்லை. மாட்டுக்காரன் தோல் கெட்டித் தோல்தான்.

ஜூன் 8, சனி

வேட்டிக்கு மேல் கட்டுகிற பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட வேண்டியதாயிற்று. ராசாமணி பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துவந்து, சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துக் காட்டினாள். எல்லாம் பல வருஷமாக இருப்பதுதான். மாத்திரை ஞாபகம் வருகிறபோது போட்டுக்கொள்கிறேன்.

"மாட்டுக்கு வயிறு பெருத்தா நல்லாத் தீனி எடுக்குதுன்னுதான அர்த்தம்" என்றேன்.

"மாட்டுக்குப் பஜ்ஜியா வாங்கிப் போடறீங்க?" என்றாள்.

படுத்தால் பாதம் எரிகிறது, எழுந்தால் மெத்தை மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டும் ஒரே காலில் எப்படி என்பதுதான் விளங்கவில்லை.

ஜூன் 12, புதன்

மயிலைக்கு முன்னங்கால் லாடம் தேய்ந்து தொங்கியது. லாடம் அடிக்கிற செபஸ்தி வந்தான். காளையைக் கயிறு போட்டுச் சாய்த்து, தலையை நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை உதறியதில் ஆணி டப்பா கவிழ்ந்து தொழுவம் பூராவும் சிதறிப்போனது.

அடித்து முடித்த பிறகு, "ஒரு ஆணி கொறையுதுங்க, மாடு மிதிச்சிரப் போவுது" என்று செபஸ்தி சாணிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். ஒரு ஆணிக்கு இவ்வளவு தேடலா என்று அனுப்பிவிட்டேன். போகிறபோது, என் காலிலிருந்து கழன்று கிடந்த செருப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். நான் கவனிக்கவில்லை. இந்தச் செருப்பை மாற்ற வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

காலையில் ஹாலைக் கடந்து பூஜை அலமாரிப் பக்கம் போகும்போது பின்னால் ஒரு சத்தம். டக். நின்றேன், அதுவும் நின்றது. நடந்தேன். டக். ஒரு எட்டு விட்டு ஒரு எட்டு. டக்.

சிமெண்டு ரோட்டில் லாடம் அடித்த மாடு மெல்ல நடந்தால் எப்படிக் கேட்குமோ அப்படி.

அடுப்படியிலிருந்து ராசாமணி குரல் கொடுத்தாள். "ஏனுங் மாமா, மயிலைய உள்ளாற புடிச்சிட்டு வந்துட்டீங்களா?"

"பைத்தியமா உனக்கு? அது தொழுவத்துல கெடக்குது."

"பின்ன என்ன நடக்குது அங்க?"

"நான்தான் நடக்கறேன்."

அவள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

வெள்ளை டைல்ஸில் அங்கங்கே பழுப்பாக ஒரு பொட்டு. புளியங்கொட்டை அளவு. வாசலிலிருந்து என் நாற்காலி வரைக்கும் வரிசையாக வந்து நின்றிருக்கிறது. ராசாமணி காலையில் துடைத்தாள். மத்தியானம் மறுபடியும் இருந்தது.

"வெத்தல எச்சலாருக்கும்" என்றேன்.

"நீங்க வெத்தல போடறத உட்டு எந்தக் காலமாச்சு?"

மண்ணில் சத்தம் கேட்பதில்லை. தொழுவத்தில் கேட்பதில்லை. வீட்டுக்குள் வந்தால்தான். ராசாமணி அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறாள். "தொழுவத்துல அதுக்கு என்ன வேலை? அது வந்தது வீட்டுக்குத்தான" என்கிறாள். காளையை விற்காவிட்டால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாளாம். சுழி என்ற வார்த்தையை அவள் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஜூன் 17, திங்கள்

மயிலையை மல்லப்பாவிடம் தள்ளிவிட்டேன். தாளவாடிக்கு மேலே கர்நாடகப் பக்கத்து ஆள். சுழி பார்க்க மாட்டார்.

இந்தத் தடவை உஷாராக இருந்தேன். துண்டுக்குள் விரலை நம்பவில்லை. மல்லப்பா விரலைப் பிடிக்கும்போது அவர் தோள் எப்படி அசைகிறது, கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குத்துமதிப்பாக மூன்று என்று பிடிபட்டது. சரியாகவும் இருந்தது. நஷ்டம்தான், ஆனால் மானம் தப்பியது.

பேசி முடிந்த பிறகும் துண்டுக்குள் மல்லப்பா என் கையை விடவில்லை. இறுக்கமான பிடி, நல்ல குளிர்ந்த கை. போதும் விடுங்க என்று சொல்ல நிமிர்ந்தேன். அவர் நாலு எட்டுத் தள்ளி நின்று இரண்டு கையையும் குவித்துப் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

துண்டை எடுத்தேன். என் கை மட்டும் இருந்தது. பிடி அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

காளை போய்விட்டது. சத்தம் போகவில்லை.

ஜூன் 21, வெள்ளி

வியாபாரிக்குச் சோதித்துப் பார்க்காமல் எதுவும் முடியாது. ராசாமணியை நடக்கச் சொன்னேன். சத்தமில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் சத்தமில்லை. நான் நடந்தால் உண்டு. வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வருகிறது. சட்டென்று திரும்பிப் பார்த்தால் திரும்புகிற சத்தமும் கேட்கிறது.

ராசாமணி நிலைப்படியில் எலுமிச்சம்பழம் வெட்டி வைத்திருக்கிறாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டி உள்ளே வந்தேன். டக்.

ஜூன் 25, செவ்வாய்

நேற்றுச் சந்தைக்குப் போகவில்லை. உடம்பு கனமாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை, கதகதப்புதான்.

வீட்டில் ஒரு வாடை. எலி செத்துக் கிடக்கிறது என்று பீரோவையெல்லாம் நகர்த்திப் பார்த்தாயிற்று. தொழுவத்துக்குப் போனால் அங்கேயும் அதே வாடை. டீக்கடைக்குப் போனேன். அங்கேயும் எலி செத்திருக்கிறது.

கறவை மாடு இன்று தீனியை விட்டுவிட்டு என் வலது பாதத்தை முகர்ந்தது. பிறகு நக்கத் தொடங்கியது. கன்றுக்குட்டியை நக்குகிற மாதிரி, விடாமல். அதன் நாக்கு அரம் மாதிரி இருக்கும், எனக்குத் தெரியும். இன்று பஞ்சு மாதிரி இருந்தது. இல்லை, பஞ்சு மாதிரிகூட இல்லை. பார்த்ததால்தான் நக்குகிறது என்று தெரிந்தது.

ஜூன் 28, வெள்ளி

எழுத்து நடுங்குகிறது. குளிர். போர்வைக்குள்ளிருந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

காலையில் கழிவறைக்குப் போகும்போது சத்தம் இரட்டையாகக் கேட்டது. ஒரு டக், கூடவே ஈரமாக ஒரு சத்தம். ராசாமணி துடைப்பத்தைக் கீழே போட்டாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஹாலின் நடுவே குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்தாள்.

"என்ன பண்றே?"

"நீங்க நடங்க. அது எந்தப் பக்கமா வருதுன்னு நான் இன்னைக்குப் பாக்கோணும்."

"எந்திரி. யாராவது பாத்தாச் சிரிப்பாங்க."

"நடங்க மாமா."

நடந்தேன். டக். அவள் கண் என் பின்னால் போகவில்லை. என் காலோடே வந்தது. இன்னொரு எட்டு. டக். அவள் அப்படியே கிடந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வலது காலத் தூக்குங்க" என்றாள். சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து பார்க்க நினைத்தேன். வயிறு விடவில்லை.

"என்ன இருக்குது?"

"உங்களுக்கு லாடம் அடிச்சிருக்குதுங்க மாமா" என்றாள்.

ஜூலை 1, திங்கள்

ஈரோடு. ஆஸ்பத்திரிக் கட்டில். சுண்டுவிரலுக்குக் கீழே, தடித்த தோலில், தலை வரைக்கும் இறங்கியிருந்தது. லாட ஆணி. செபஸ்தி தேடின ஆணி. எலும்பு வரை சீழ். அந்தத் தலைதான் இத்தனை நாளும் தரையில் தட்டியது. ஒவ்வொரு எட்டுக்கும் நானே அதை உள்ளே அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண், ஹேமலதா என்று பெயர். ஆணியை ஒரு கிண்ணத்தில் போட்டுக் காட்டினார்.

"வலிக்கவே இல்லைங்களா ஐயா?"

"இல்லீங்க. அதனாலதான் ஒண்ணுமில்லைன்னு இருந்துட்டேன்."

"வலிக்காததுதாங்க ஐயா வியாதி."

கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. அது படும்போது சொல்ல வேண்டும். பட்டது, பட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நிறையத் தடவை சொன்னேன். நன்றாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறக்கச் சொன்னபோது இழை முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. ராசாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கீழெல்லாம் தொட்டப்போ நீங்க ஒண்ணும் சொல்லலைங்க. தொடாதப்போதான் சொன்னீங்க" என்றார் டாக்டர்.

"தொட்ட மாதிரி இருந்துச்சுங்க."

"நரம்பு கெடறப்போ அப்படித்தாங்க. இருக்கிறதைச் சொல்லாது, இல்லாததைச் சொல்லும்."

வாங்கிய காசுக்கு இரண்டு பக்கமும் பொய் சொல்கிற தரகன்தான். அப்படி ஆட்களை எனக்குத் தெரியும். அவனை என் உடம்புக்குள்ளேயே வைத்துத் தீனி போட்டிருக்கிறேன் என்பதுதான் தெரியாது.

சர்க்கரையால்தானே என்று கேட்டேன். சர்க்கரை மட்டும் இல்லையாம். டேப்பால் என் வயிற்றை அளந்துகொண்டே சொன்னார். "வயித்துக் கொழுப்பு, ரத்தத்துல இருக்கிற கொழுப்பு, பிரஷர், சர்க்கரை எல்லாம் ஒரே கூட்டாளிங்க ஐயா. உடம்பு சாப்பாட்டைச் சரியாச் செலவு பண்ண முடியாமப் போயிடுது. நரம்புக்குத் தீனி கொண்டு போற ரத்தக்குழாய் ரொம்பச் சன்னம். அது கெடுது, நரம்பும் பட்டினி கிடக்குது. எது ரொம்ப நீளமான நரம்போ அது முதல்ல போகும். அதான் கால் விரல்ல ஆரம்பிக்குது. முழங்கால் கிட்ட வர்றப்போ கை விரல்ல தொடங்கும்."

என் வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார்.

ஜூலை 3, புதன்

வலது காலில் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் எடுத்தாயிற்று.

ஜூலை 4, வியாழன்

வலி கேட்டார்கள். இல்லை என்றேன். நர்ஸ் பாராட்டினாள், தைரியசாலியாம்.

ஜூலை 22, திங்கள்

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. ஊசி, மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு. பஜ்ஜி கிடையாது. போன நரம்பு திரும்பி வருவது கஷ்டம், இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இனி தொடுவதை நம்பக் கூடாதாம், கண்ணைத்தான் நம்ப வேண்டுமாம். வெந்நீரானாலும் செருப்பானாலும் முதலில் பார்.

நான் ஷேவ் பண்ணுகிற கண்ணாடியை வைத்துத்தான் ராசாமணி தினமும் என் பாதத்தைப் பார்க்கிறாள். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள்.

இன்று நஞ்சப்பன் ஆப்பிளும் கையுமாக வந்தான். சுழியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. போகும்போது மட்டும், "ஆடிச் சந்தைக்கு வருவீங்களாண்ணா? துண்டு போட ஆளில்லாம இருக்குதுங்" என்றான். என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னானா, ஆப்பிளைப் பார்த்துக்கொண்டே சொன்னானா தெரியவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கால் போனால் வண்டியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். கைதான் பிரச்சினை. தோளையும் கண்ணையும் பார்த்து எத்தனை பேரிடம் சமாளிப்பது? பழகினால் வரும் என்று ராசாமணியை எதிரில் உட்கார வைத்தேன். கட்டு மாற்றுகிற நேரம். மேலே துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினேன்.

"நீ புடி. எத்தனை விரல்னு நான் சொல்றேன்."

நஞ்சப்பன் மாதிரி அவளுக்கு ஏமாற்றத் தெரியாது. பிடித்தாள், நன்றாகத் தெரிந்தது. சுண்டுவிரலில் தொடங்கி வரிசையாக, உறுதியாக. பல மாதத்துக்குப் பிறகு இவ்வளவு தெளிவாக ஒரு கை.

"மூணு" என்றேன்.

பிடி இன்னும் இறுகியது.

"மூணுதான?"

"நான் இன்னும் கையே வெக்கலைங்க மாமா" என்றாள். "கட்டுத்துணியச் சுத்திட்டு இருக்கறேன்."

கண்ணைத் திறந்தேன். அவளுடைய இரண்டு கையும் என் கால் பக்கம் இருந்தன. துண்டு என் கை மேல் கூடாரம் மாதிரி நின்றது.

ஆகஸ்ட் 7, புதன்

ஆடிச் சந்தைக்குப் போனேன். ராசாமணியும் வந்தாள். வண்டியை விட்டு இறங்கி, மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நஞ்சப்பன் ஒரு ஜோடி எருதைக் கொண்டுவந்து நிறுத்தி, தோளிலிருந்து துண்டை உருவிக்கொண்டு பக்கத்தில் வந்தான். முகத்தில் அத்தனை மரியாதை. அதைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரியும் என்று புரிந்துவிட்டது.

கையை நீட்டவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு, "வாயால சொல்லு நஞ்சப்பா" என்றேன்.

"என்னுங்ணா, நடுச் சந்தையில அம்மணமா நிக்கச் சொல்றீங்?"

"நிக்கறது நான்தான். கை செத்துப் போச்சு. விரல் தெரியறதில்ல. நீ அன்னைக்கு நாலு வாங்குனியே, நான் குடுத்தது ஒண்ணு."

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் மாட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நஞ்சப்பன் துண்டை மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டான். விலை சொல்லவில்லை. எருதுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு வெகு நேரம் யாரும் வரவில்லை. ராசாமணி தண்ணீர் கொடுத்தாள். எழுந்து போய்விடலாம் என்று நான் சொல்ல நினைத்தபோது, ஒரு கிழட்டுப் பசுவைப் பிடித்துக்கொண்டு ஒரு குடியானவர் வந்தார். துண்டு போட்டு எல்லாரும் அவரை ஏமாற்றுகிறார்களாம். "உங்ககிட்டன்னா காதுல கேக்குமுங்" என்றார்.

அவர் சொன்னார், நானும் சொன்னேன். ஊர் கேட்டது. பசுவை வாங்கினேன். மட்டமான பசுதான். அந்தி சாய்வதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் நடந்து பார்த்தேன். ராசாமணி அன்று மாதிரியே தரையில் கன்னம் வைத்துப் படுத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றாள். எனக்கும் கேட்கவில்லை.

இப்போது வலது கையால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இடது கை மடியில் இருக்கிறது. அதை யாரோ பிடித்திருக்கிறார்கள், நாலு விரல். ராசாமணி அடுப்படியில் பால்காரனோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் சொன்னபடி கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். யாரும் இல்லை. பிடி மட்டும் இன்னும் விடவில்லை.